நாலு கம்பி

கட்டிங் பிளேயர் கம்பியைக் கடிக்கிற சத்தம். தெருவில் கேபிள்காரன் ஏணி போட்டு ஏறி எதையோ துண்டிக்கிறான், டக்கென்று. உடனே என் இடது கைச் சுண்டுவிரல் தானாக மடங்குகிறது. அடிவயிற்றில் படுத்துக் கிடந்த பழைய கோபம் ஒன்று எழுந்து உட்கார்ந்து, சோம்பல் முறித்து, இப்போ யாரைக் கடிக்கலாம் என்று சுற்றும்முற்றும் பார்க்கிறது.

குயிலாப்பாளையத்தில், வாடகைக்கு ஸ்கூட்டர் விடும் கடையின் மாடியில் வைத்து, ஒரு பெண் என் மடியிலிருந்து கிட்டாரைப் பிடுங்கினாள். மேசை டிராயரைத் திறந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். என் கிட்டாரின் தடித்த கம்பிகள் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தாள். முதல் நாள் அது. என்ன கற்றுக்கொள்ள வந்தேன் என்பதைக்கூட நான் சொல்லி முடிக்கவில்லை. இரண்டாவது கம்பி துள்ளி வந்து என் கன்னத்தில் ஒரு கோடு போட்டது.

"இந்த ரெண்டும் இருக்கற வரைக்கும் நீங்க ஆர்கெஸ்ட்ராதான்" என்றாள். "மீதி நாலு கம்பியோட வாங்க. மனுஷனாக்க முடியுதான்னு பாக்கறேன்."

அந்த மாடிக்கு நான் ஏன் ஏறினேன் என்று சொல்ல வேண்டுமானால் என் மச்சானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை. சொல்கிறேன்.

என் மனைவியின் தம்பி அவன். விழுப்புரத்தில் லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறான். கீபோர்டு அவன், ஓனர் அவன், வண்டி அவனுடையது, மைக்கில் "அடுத்து வரும் பாடல்" என்று சொல்வதும் அவன். எனக்குத் திண்டிவனத்தில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே டைப்பிங் கடை. முகூர்த்த நாளில் கடையைச் சாத்திவிட்டுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கண்டாச்சிபுரம் கல்யாணம், வானூர் வரவேற்பு, ஆடி மாதத்தில் ஊருக்கு ஊர் கூழ் ஊற்றும் திருவிழா. வருஷக்கணக்காக மேடையின் இடது ஓரத்து நாற்காலி என்னுடையது. அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் நான் உயிரோடு இருக்கும் நேரம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மற்ற நேரத்தில் நான் அடுத்தவன் நிலத்தின் நான்கெல்லைகளை டைப் அடிக்கிற ஆள்.

மச்சான் என்னை ஒருநாளும் மரியாதை இல்லாமல் பேசியதில்லை. எல்லா வாக்கியத்திலும் ஒரு 'ங்க' இருக்கும். மரியாதை கொடுத்துக்கொண்டே மிதிக்கத் தெரிந்தவன்.

புதுக் கீபோர்டு வந்த அன்று விழுப்புரத்தில் அவன் வீட்டு ஷெட்டில் ரிகர்சல். எல்லாரும் இருந்தார்கள், ரிதம் பேடு வாசிப்பவர், பாடகர், சவுண்டுக்காரர். மச்சான் ஒரே ஒரு விரலால் ஒரே ஒரு கட்டையை அமுக்கினான். உள்ளேயிருந்து ஒரு கிட்டார் வந்தது. ஜக்கு ஜக்கென்று, தாளம் பிசகாமல், மூச்சு வாங்காமல், என் மாதிரியே.

"கேளுங்க மாமா. இது நீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இது வெத்தலை போடாதுங்க. ஒண்ணுக்கு வருதுன்னு பைபாஸ்ல வண்டிய நிறுத்தச் சொல்லாது. அக்காவுக்குக் காய்ச்சல்னு கச்சேரிக்கு மட்டம் போடாது." விரலை எடுக்காமலே சொன்னான். "ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பாப்போங்க மாமா. அதுக்கப்புறம் அந்த ஓரத்து நாற்காலி வேணுமா வேணாமான்னு நிதானமா யோசிக்கலாம். அவசரமே இல்லங்க."

அவசரமே இல்லை என்று ஒருவன் சொல்லும்போது கயிற்றின் நீளத்தை அளந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

அந்தப் பெட்டிக்குத் தெரியாதது என்ன என்று யோசித்தேன். மேஜர் தெரியும், மைனர் தெரியும், செவன்த் தெரியும். அதாவது எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்குத் தெரியும். ஒருநாள் கடையில் கரண்டு போன நேரத்தில் போனைத் தோண்டிக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் கிட்டார் வாசிப்பது ஓடியது. அவன் பிடித்த கார்டுகளுக்கு, அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகளுக்கு, எனக்குப் பேர் தெரியவில்லை. அவை சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. மழை வரப்போகிற வானத்தின் கலர் ஒன்று உண்டே, துணியை எடுக்கலாமா வேண்டாமா என்று நிற்க வைக்கும் கலர், அது அந்தச் சத்தத்தில் இருந்தது. இதை அமுக்கட்டும் பார்ப்போம் அவன் பெட்டி, என்று எனக்குள் பல்லைக் கடித்துக்கொண்டேன். கலை ஆர்வம் என்று இதற்குப் பேர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. பகை. பகையில் கற்றுக்கொள்ளப் போனேன். பாண்டியில் கிட்டார்க் கம்பி விற்கும் கடைக்காரர்தான், அந்த மாதிரி வாசிப்புக்கு ஜாஸ் என்று பேர், அதற்குக் குயிலாப்பாளையத்தில் ஒரு அம்மா இருக்கிறார் என்று வழி சொன்னார். சொல்லிவிட்டு, "கொஞ்சம் வாய் ஜாஸ்தி" என்றார்.

வாய் ஜாஸ்தி என்பது ரொம்பக் கம்மியான வார்த்தை.

அவளுக்கு என் வயதுதான் இருக்கும். வானூர்ப் பக்கத்து ஆள். சின்ன வயதில் சர்ச்சில் கிட்டார் பிடித்தவள், அப்புறம் பல வருஷம் சொகுசுக் கப்பல்களில் பாண்டில் கிட்டார் வாசித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். சொல்லிக்கொடுப்பது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. சொல்லிக்கொடுப்பதை ஒரு தண்டனையாக, எனக்குத்தான், கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளியனூர் வழியாக டூவீலரில் போவேன். மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து குரல் வரும்: "வாங்க ஆர்கெஸ்ட்ரா. யார் கல்யாணத்தைக் கெடுத்துட்டு வரீங்க?"

ஒரு கார்டு என்பது அடுக்கு. அடியில் ரூட், அதாவது அந்தக் கார்டுக்குப் பேர் கொடுக்கிற சுரம். அதற்கு மேல் மூன்றாவது, ஐந்தாவது. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் இதோடு, மிஞ்சினால் ஏழாவதோடு, ஷட்டரை இறக்கிவிடுவோம். அவள் மேலே போனாள். ஒன்பதாவது, பதினொன்றாவது, பதிமூன்றாவது. மேலே போகப் போக அடியில் இருக்கிறவனோடு உறவு கசக்கும். அந்தக் கசப்பில்தான் ருசி இருக்கிறது என்றாள். ஆனால் கிட்டாரில் விரல் நான்குதான். எல்லாரையும் பிடிக்க முடியாது, யாரையாவது வெளியே அனுப்ப வேண்டும்.

"யாரை அனுப்புவீங்க?"

"அஞ்சாவதை."

"அப்புறம்?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"ரூட்டை" என்று அவளே சொன்னாள்.

"பேரே அதுலதானங்க இருக்கு?"

"பேரை அடியில பாஸ் வாசிக்கறவன் சொல்லுவான். அவன் சொல்றதையே நீங்களும் சொல்றதுக்கு எதுக்கு ஒரு ஆளு? கல்யாணப் பத்திரிகைய மைக்குல படிக்கறவனா நீங்க?"

அதனால்தான் கம்பியை அறுத்திருக்கிறாள். தடித்த கம்பி இருந்தால் என் கட்டைவிரல் அங்கேதான் போகும், போய் ரூட்டைத் தட்டும். வருஷக்கணக்கான வியாதி. கம்பியே இல்லையென்றால் விரல் எங்கே போகும்?

கார்டைப் பிரித்து அடுக்குவதை அவள் சொல்லிக்கொடுத்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. "நாலு பேரு வரிசையா நிக்கறாங்கன்னு வையுங்க. மேலேர்ந்து ரெண்டாவது ஆளைப் புடிங்க. கழுத்தப் புடிச்சிக் கீழ தள்ளுங்க. இப்ப வாசிங்க. அய்ய, அந்தாள இல்ல. ரெண்டாவதுன்னா ரெண்டாவது. எண்ணத் தெரியுமா தெரியாதா? பத்திரத்துல சர்வே நம்பர் எல்லாம் எப்படித்தான் அடிக்கறீங்களோ, பாவம், எவன் நிலம் எவனுக்குப் போச்சோ."

சுண்டுவிரல் நீட்ட வேண்டிய தூரத்துக்கு நீளாது. நீட்டினால் மணிக்கட்டு முறுக்கும். மணிக்கட்டைச் சரிசெய்தால் மூன்றாவது விரல் பக்கத்துக் கம்பியை மோதி ஊமையாக்கும். "ஊமை" என்பாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. நான் திரும்பப் பிடிப்பேன். "ஊமை." திரும்ப. "நீங்க டீ குடிச்சிட்டு வாங்க. உங்க சுண்டுவிரல் இங்கயே இருக்கட்டும், அதுகிட்ட தனியா பேசணும்."

ஒருமுறை கேட்டேன், கப்பலை ஏன் விட்டீர்கள் என்று. "நான் விடல. என் நாற்காலில இப்ப ஒரு பென் டிரைவ் உக்காந்துக்கினு இருக்கு" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று ஒரு நிமிஷம் அவளைப் பிடித்திருக்க வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் போன்ற ஒருத்தியிடமே இவ்வளவு திட்டு வாங்குகிறேனே என்றுதான் தோன்றியது.

ஆனால் ஒரு சாயங்காலம் நடந்தது. டி மைனர் நைன்த் பிடித்திருந்தேன், ரூட் இல்லாமல், மேல் நாலு கம்பியில். அங்கிருந்து ஜி தர்ட்டீன்த்துக்குப் போகச் சொன்னாள். கை முழுக்க நகர வேண்டியிருக்கும் என்று தோளையெல்லாம் இறுக்கிக்கொண்டேன். நகர வேண்டியது ஒரே ஒரு சுரம். கிட்டார்க் கழுத்தில் ஒரே ஒரு கட்டம். மற்ற மூவரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், ஒருவர் மட்டும் அரை அடி பின்வாங்குகிறார், அவ்வளவுதான், வீடே வேறு வீடாகிவிட்டது. அங்கிருந்து சி மேஜர் நைன்த். இப்போது அந்தப் பின்வாங்கியவர் நகராமல் நிற்க, மற்ற மூவரும் படியிறங்கி அவரிடம் வருகிறார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. யாரும் கத்தவில்லை. முந்திரித் தோப்பின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கீழே எவனோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தான், ஸ்டார்ட் ஆகவில்லை. என் கையில் அப்படி ஒரு சமாதானம் ஒலிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. என் வீட்டிலும் இல்லை, மேடையிலும் இல்லை, இந்த மூன்று கார்டுக்குள் அது இருந்தது.

"மூஞ்ச அப்படி வச்சிக்காதீங்க" என்றாள். "கத்துக்குட்டிங்க முதல் மாசத்துல வாசிக்கற பாடம் இது."

வீட்டில் நாலு கம்பிக் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"என்னாங்க இது, மிக்சில முழு வெங்காயம் மாட்டிக்கினா மாதிரி?"

"நைன்த்."

"பாட்டு எப்ப வரும்?"

"இதான்."

"இதுவா?" கரண்டியோடு கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். நியாயமாகவே கேட்டாள், அதைச் சொல்ல வேண்டும். "ஏதோ சொல்ல வந்துட்டு வாய மூடிக்கினா மாதிரியே இருக்குதுங்க எல்லாம். எனக்கே பேஜாரா இருக்குது. கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு எப்படி இருக்கும்? என் தம்பிகிட்ட வம்பு வச்சிக்காதீங்க. இருக்கறது ஒரு தம்பி."

"எனக்கு இருக்கறது ஒரு நாற்காலி."

"அந்த நாற்காலியும் அவன் வாங்கினதுதான்" என்றுவிட்டு உள்ளே போனாள்.

ஆவணி வந்தது. விழுப்புரம் பைபாஸ் ஓரத்து மண்டபம் ஒன்றில் வரவேற்பு. கிட்டாருக்குப் புதுசாக இரண்டு தடித்த கம்பி வாங்கிக் கட்டிக்கொண்டு போனேன். மேடையில் நாலு கம்பியோடு உட்கார எனக்கும் வெட்கம் இருக்காதா?

இங்கே எங்கள் பாடகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் அவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். குரல் ஒரு கட்டை, அதாவது சி. ஊரில் எல்லாப் பாட்டையும் அந்த ஒரு கட்டைக்கு இறக்கித்தான் பாடுவார். சுருதிக்கு அவர் கீபோர்டைப் பார்க்கமாட்டார், மச்சான் சுருதி மாற்றும் பட்டனை எங்கேயாவது தள்ளிவிட்டு மறந்திருப்பான் என்ற பயம். என்னைத்தான் பார்ப்பார். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் நான் கார்டைப் பிடித்துத் தடித்த கம்பியைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டுவேன். அந்தக் கார்டின் அடிச்சத்தம்தான் அவருக்கு 'ஸ'. மற்றது எதுவும் அவர் காதில் ஏறாது. இது பேசி வைத்த ஏற்பாடு இல்லை. இப்படியே பழகிவிட்டோம், அவ்வளவுதான்.

முதல் சில பாட்டில் நைன்த்தும் தர்ட்டீன்த்தும் மெதுவாக உள்ளே விட்டேன். மச்சான் கீபோர்டுக்கு மேலே தலையை நீட்டினான். "கம்பி கிம்பி அறுந்துடுச்சாங்க மாமா?"

"இல்ல."

"இல்ல, பாதி சத்தந்தான் வருது, அதான் கேட்டங்க."

அப்புறம் ஒரு பழைய பாட்டு. எல்லாக் கல்யாணத்திலும் கேட்பார்கள். வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடகரின் தனிக்குரலில் இரண்டு வரி, அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சேர வேண்டும். பி.டி. சார் என் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தார். நான் சி மேஜர் நைன்த் பிடித்தேன். ஈ, பி, டி, ஜி. ரூட் இல்லை. அந்த மாடியில் வெயில் சாய்ந்தபோது கேட்ட அதே சத்தம், அப்படியே வந்தது. என் கட்டைவிரல் தடித்த கம்பிக்குப் போகவில்லை. அங்கே ஒரு கம்பி இருப்பதையே அது மறந்திருந்தது.

அந்தக் கார்டில் கீழே கேட்கிற சுரம் ஈ. அதாவது மூணு கட்டை, அவர் சுருதிக்கு இரண்டு கட்டை உயரம். பி.டி. சார் அதை 'ஸ' என்று எடுத்துக்கொண்டு, கண்ணை மூடி, நெஞ்சை நிமிர்த்தி, எடுத்தார்.

இரண்டு வரி. அற்புதமாகப் பாடினார், அதுதான் கொடுமை. உயரத்தில், நரம்பு புடைக்க. மண்டபமே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது வரி முடிகிற இடத்தில் மச்சானின் இரண்டு கையும் ஒரு கட்டைச் சுருதியில், அதாவது சியில், இறங்கின, பாஸ், தாளம், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் சேர்ந்து.

இரண்டு லாரி நேருக்கு நேர் மோதுவதை மெதுவாகப் பார்ப்பது போல இருந்தது. பி.டி. சார் கண்ணைத் திறந்தார். குரலை இழுத்துக் கீழே கொண்டுவரப் பார்த்தார். மச்சான் அவரைப் பிடிக்கச் சுருதியை மேலே தள்ளினான். அவர் கீழே வர, இவன் மேலே போக, வழியில் மறுபடியும் மோதினார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்குச் சிரித்த சிரிப்பு அப்படியே உறைந்து நின்றது. முன்வரிசையில் பொண்ணுக்குச் சித்தப்பா ஒருவர் எழுந்து, "யோவ், ஒலிபெருக்கில கோழி அறுக்கறீங்களா?" என்றார். பாட்டை நிறுத்தினார்கள்.

சமையல்கட்டுக்குப் பின்னால், அண்டா கழுவும் இடத்தில், மச்சான் என்னை நிறுத்தினான்.

"அடிக்கம்பிய எங்கங்க மாமா வச்சிட்டு வந்தீங்க?"

"கார்டு சரி."

"சரிங்களா?"

"சி மேஜர் நைன்த். ரூட்டை நீ இடது கைல வாசிக்கணும். நான் எதுக்கு வாசிக்கணும்?"

"அப்படிங்களா. அப்ப நீங்க சரி. நான் தப்பு, பி.டி. சார் தப்பு, இந்த மண்டபம் தப்பு. விழுப்புரமே தப்புங்க."

பி.டி. சார் வெந்நீர் டம்ளரோடு வந்தார். தொண்டை போயிருந்தது, காற்றுதான் வந்தது. "யோவ், நான் ஒரு கட்டைக்காரன்யா. என்னை மூணு கட்டை மரத்துல ஏத்திவிட்டு ஏணிய எடுத்துக்கினியே. நாளைக்கு ஸ்கூல்ல விசிலு ஊதக்கூட மூச்சு இல்ல."

"இனிமே யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்லங்க மாமா" என்றான் மச்சான். அன்று வண்டியில் யாராவது என்னோடு பேசியிருந்தால் நான் அடித்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மாடிக்கு ஏறும்போதே கத்திக்கொண்டு ஏறினேன். "நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன். என் சோத்துல மண்ணு. கம்பிய அறுத்தீங்களே, அன்னிக்கே அறுந்துச்சு என் பொழப்பு."

நடந்ததை முழுவதும் கேட்டாள். பிறகு, "பாடறவருக்கு உங்க அடிச்சத்தந்தான் சுருதின்னு இத்தனை மாசத்துல ஒரு நாள் எங்கிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

"அது... எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

"எனக்குத் தெரியாதே. நான் விழுப்புரத்துல பிறந்தனா?" கிட்டாரை என்னிடமிருந்து வாங்கித் தடித்த கம்பியை ஒரு தட்டு தட்டினாள். அது அடங்குகிற நேரத்தில் அதன்மேல் அந்த நைன்த்தை வைத்தாள். அடிச்சத்தம் கரைந்துபோய்விட்டது, ஆனால் எங்கே நின்றுகொண்டிருக்கிறோம் என்பது காதில் இருந்தது. "மொதல்ல குடுத்துட்டு அப்புறம் விடு. இதைக்கூடவா பிளேயர் வச்சித் திறக்கணும் உன் மண்டைய?"

கோபம் வந்தால் அவளுக்கு 'நீ'தான்.

"இந்தக் கார்டு எதும்மேல நிக்குது தெரியுமா? ரூட்டை வேற ஒருத்தன் வாசிக்கிறான்ற நம்பிக்கைல. அந்த வேற ஒருத்தன் யாருன்னு பாக்காம கைய எடுத்துட்ட. உன் மச்சான் உனக்காக ரூட்டு வாசிப்பானா? அவன் நீ விழறதுக்குக் காத்துக்கினு இருக்கான். அந்தக் கூட்டத்துல உக்காந்துக்கினு இந்தக் கார்டு வாசிக்க முடியாது. நீ கத்துக்கினது தப்பில்ல. வாசிச்ச இடம் தப்பு." கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தாள். "போ. கத்தினதுக்குச் சேத்து அடுத்த வாரம் ரெண்டு மடங்கு திட்டறேன்."

நம்ப முடியாத விஷயம், அடுத்த வாரமே மச்சான் போன் செய்தான். திண்டிவனத்தில் ஒரு காதுகுத்து, பகல் கச்சேரி. "வந்துருங்க மாமா" என்றான். அவன் அக்கா பேசியிருப்பாள் என்று தெரியும். கேட்கவில்லை. கச்சேரிக்கு இருந்த நாலு நாளும் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே வேலை: கட்டைவிரல் முதலில், கார்டு பிறகு. தட்டு, விடு. தட்டு, விடு. ஒருமுறை மட்டும் மனைவி, "இப்ப கொஞ்சம் புரியுது" என்றாள்.

மண்டபம் என் தெருவிலிருந்து நடக்கிற தூரம். போனேன். சிவப்பு நாற்காலி அதே இடது ஓரத்தில் இருந்தது. உட்கார்ந்து, கிட்டாரை ஸ்பீக்கரோடு இணைக்கும் கேபிளுக்காகக் கையை நீட்டினேன். சவுண்டுக்காரர் மச்சானைப் பார்த்தார்.

"கேபிள் வேணாங்க மாமா" என்றான் மச்சான், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு. "பார்ட்டிகிட்ட லைவ் கிட்டாருன்னு பேசிட்டன். ஆளு இல்லன்னா கேப்பாங்க. நீங்க சும்மா உக்காந்து கைய மட்டும் ஆட்டுங்க. சத்தத்த நான் பாத்துக்கறன்."

எழுந்து போயிருக்கலாம். முன்வரிசையில் என் தெரு ஆட்கள், என் கடைக்கு வருகிறவர்கள். கையில் கிட்டாரோடு மேடையிலிருந்து இறங்கி அவர்கள் நடுவே நடக்க எனக்குக் கால் வரவில்லை. உட்கார்ந்தேன்.

பி.டி. சார் என் பக்கம் திரும்பவே இல்லை. கீபோர்டிலிருந்து சுருதி வாங்கினார். நான் தடித்த கம்பியைத் தட்டினேன். கனெக்சன் இல்லாத எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் எவ்வளவு இருக்கும், தீப்பெட்டிக்குள் வண்டு மாதிரி. எனக்கு மட்டும் கேட்டது. அதன் மேல் நைன்த்தை வைத்தேன். ஒரு பாட்டு விடாமல் வாசித்தேன். டி மைனர் நைன்த், ஒரு சுரம் நகர ஜி தர்ட்டீன்த், எல்லாரும் படியிறங்க சி. ஒரு சுரம்கூட ஊமையில்லை. வாழ்க்கையில் நான் ஒழுங்காக வாசித்த கச்சேரி அதுதான். பெரிய ஸ்பீக்கரில் மச்சானின் ஒற்றை விரல் ஜக்கு ஜக்கென்று என் தோற்றத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. மாமன் சீர் வரிசை உள்ளே வந்தது, பிள்ளை அழுதது, காது குத்தினார்கள்.

முடிந்து கிட்டாரை உறையில் போடும்போது ஒருவர் பந்தியிலிருந்து நேராக வந்தார், ஈரக்கையோடு. பட்டா மாற்றத்துக்காக என் கடைக்கு அடிக்கடி மனு டைப் அடிக்க வருகிறவர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், டைப்பிங் சார்! உங்களுக்குள்ள இது இருக்கறது தெரியாமப் போச்சே. கிட்டாரு பின்னிட்டீங்க சார். அந்தக் கடைசிப் பாட்டுல நடுவுல ஒண்ணு வந்துச்சே, சர்ர்ருனு, எனக்கு உடம்பு சிலுத்துக்கிச்சி!"

அந்த 'சர்ர்' கீபோர்டில் ஒரு பட்டன். மச்சான் பக்கத்தில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, அடக்கமாக, இரண்டு கையையும் கூப்பினான்.

"மாமா எப்பவுமே அப்படித்தாங்க" என்றான் அவரிடம்.

செக்கில் மாட்டிய மல்லாட்டைக் கடலை மாதிரி எனக்குள் ஏதோ நசுங்கி எண்ணெய் விட்டது. ஈரமான அந்தக் கை என் கையைக் குலுக்கிக்கொண்டே இருந்தது. நன்றி சொன்னேன். அவர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார், அவரிடம் எனக்கு என்ன சண்டை.

மண்டப வாசலில் வண்டியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. மச்சான் பின்கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தான். அன்று அவன் முகத்தில் கேலி இல்லை, அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. வேலை முடிந்த நிம்மதிதான் இருந்தது.

"இதே மாதிரி வந்தீங்கன்னா போதுங்க மாமா. உங்களுக்கும் கஷ்டமில்ல, எனக்கும் இல்ல. நாற்காலி உங்களுதுதான், எத்தனை வருஷம் ஆனாலும். வர்ற முகூர்த்தம் கண்டாச்சிபுரம். ஜல்தியா கிளம்பணும், வண்டி உங்க வூட்டாண்டையே வந்துரும்."

"வரல."

"என்னாங்க?"

"நான் வரல மச்சான். இதுக்கும் வரல, எதுக்கும் வரல."

டிரைவர் ஹாரன் அடித்தார். மச்சான் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு, மறுபடி என்னைப் பார்த்தான்.

"அக்கா கேக்குமேங்க."

"நான் சொல்லிக்கறேன்."

"சரிங்க. அப்ப அந்த நாற்காலில நான் யாரை உக்கார வைக்கறது?"

"யாரையாச்சும் உக்கார வை. வாசிக்கத் தெரியாதவனாப் பாத்து உக்கார வை. அவனுக்கு வலிக்காது."